படி இரண்டானால்: கடாரத்துக் கல்வெட்டு முதல் கூலிம் கணிப்பொறி வரை

ஒரு நூலுக்கு இரண்டாம் படி எழுதப்பட்ட அன்றே, இரண்டனுள் எது மெய் என்னும் வழக்கும் பிறந்துவிட்டது. எழுத்தறிந்த சமுதாயங்கள் யாவும் இவ்வழக்கைச் சந்தித்துள்ளன. கணிப்பொறித் துறையினர் அண்மைக் காலத்தே இதனை எதிர்கொண்டு, அதற்கெனத் தனிக் கருவிகளும் தனிச் சொற்களும் படைத்துக்கொண்டனர். கெடா மாநிலத்துத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பள்ளிகளில் தமிழ் கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு அச்சொற்களைக் கேட்கும்தோறும் இரண்டு பழம்பொருள்கள் நினைவுக்கு வருகின்றன. ஒன்று சோழர் காலத்து ஓலை; மற்றொன்று தோட்டத்துச் செக்ரோல் புத்தகம்.

கூலிம் உயர் தொழில்நுட்பப் பூங்கா 1996இல் திறக்கப்பட்டது. தோட்டங்கள் துண்டாடப்பட்டும் கைமாறியும் போனபின், பாடாங் செராய், லூனாஸ், சுங்கைப்பட்டாணி முதலிய ஊர்களில் குடியேறிய தோட்டத்து மக்களின் பிள்ளைகள் பலர் இன்று அங்குள்ள ஆலைகளில் பணியாற்றுகின்றனர். அவருள் ஒருவர் என்னிடம் ஆறாண்டு தமிழ் பயின்றவர். இப்போது மென்பொருள் எழுதுபவர். தீபாவளிக்கு என் இல்லம் வந்தவர் முகம் வாடியிருந்தார். காரணம் வினவினேன். "ஐயா, நான் திருத்திய பிழை ஒன்று மூன்று மாதம் கழித்து மீண்டும் வந்துவிட்டது. திருத்தியதும் நானே, திரும்ப வரவிட்டதும் நானே" என்றார்.

அவர் விளக்கியதைத் தமிழாசிரியர்க்கு எளிதில் புலனாகும் முறையில் கூறுவேன். ஒரு பாடநூல் அச்சுக்குப் போகிறது. அச்சகத்தில் மெய்ப்புத் திருத்துவோர் சில பிழைகளைக் கண்டு களைகின்றனர். அதே காலத்தில் நூலாசிரியர் தம் கைப்படியை வைத்துக்கொண்டு அடுத்த பதிப்புக்குரிய புதுப் பகுதிகளை எழுதி வருகிறார். அச்சகத்தில் களைந்த பிழைகளை யாரும் அவருடைய கைப்படியில் குறிக்கவில்லை. இரண்டாம் பதிப்பு வெளிவரும்போது புதுப் பகுதிகள் இருக்கும். முதற்பதிப்பில் களையப்பட்ட பிழைகளும் உயிர்பெற்று எழுந்து நிற்கும். நம்மில் எத்துணைப் பேர் இதனைக் கண்டு தலையில் அடித்துக்கொண்டிருக்கிறோம்!

மென்பொருளிலும் நிகழ்வது இதுவே. வளர்ந்துகொண்டேயிருக்கும் நிரலை அவர்கள் அடிமரம் என்பர். வெளியீட்டு நாள் நெருங்கும்போது அதிலிருந்து ஒரு படியைப் பிரித்து வைப்பர். அது வெளியீட்டுக் கிளை. கிளையில் பிழை திருத்தலன்றி வேறெதுவும் செய்தல் ஆகாது. அடிமரத்திலோ புதுப் பணிகள் நிற்காமல் நடக்கும். இவ்விரண்டும் விலகிச் செல்வது இயல்பு. விலகாமல் ஒப்புறச் செய்வதே கடினம். என் மாணவர் கிளையில் திருத்தினார். அத்திருத்தத்தை அடிமரத்திற்குக் கொண்டு செல்ல மறந்தார். அடுத்த வெளியீடு அடிமரத்திலிருந்து பிரிந்தது. எனவே பிழையும் உடன் வந்தது.

இதனைக் கேட்டவுடன் என் உள்ளம் சென்ற இடம் கடாரம். நாம் வாழும் இக்கெடா மண்ணையே அறிஞர் பலர் கடாரம் எனக் கொள்வர். முதலாம் இராசேந்திர சோழனின் கடற்படை 1025ஆம் ஆண்டையொட்டிக் கடாரத்தை வென்ற செய்தியை நாம் அறிவது அவன் மெய்க்கீர்த்தியால். மெய்க்கீர்த்தியைப் பள்ளியில் நாம் ஒரு பாட்டாகவே கற்பிக்கிறோம். உண்மையில் அஃது ஆண்டுதோறும் வளர்ந்த ஓர் அரசாங்கப் பாடம். கல்வெட்டுகளின் தொடக்கத்தில் அரசனின் வெற்றிகளை ஒரே வாய்பாட்டில் நிரல்படப் பொறிக்கும் வழக்கத்தை நிலைபெறச் செய்தவன் இராசராசன். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவ்வழக்கு மேலும் விரிந்தது. இடைதுறை நாடு, வனவாசி, கொள்ளிப்பாக்கை, மண்ணைக்கடக்கம் எனத் தொடங்கிய வெற்றிப் பட்டியலில் அடுத்து ஈழம் சேர்ந்தது. பின்னர் சாளுக்கியன் தோல்வி சேர்ந்தது. அதன்பின் கங்கைப் படையெடுப்பு சேர்ந்தது. ஏறத்தாழ 14ஆம் ஆட்சியாண்டு முதல் கடல்கடந்த வெற்றி இடம்பெறுகிறது. ஸ்ரீவிசயம், பண்ணை, மலையூர், மாயிருடிங்கம், இலங்காசோகம், தலைத்தக்கோலம், மாதமாலிங்கம், இலாமுரிதேசம், மாநக்கவாரம் என ஊர்கள் அடுக்கப்பட்டு, இறுதியில் கடாரம் வருகிறது.

முன் எழுதியதை அழிக்காமல் புதியதை ஈற்றில் சேர்ப்பதே அவர்கள் கைக்கொண்ட நெறி. ஆட்சியாண்டு சிதைந்துபோன கல்வெட்டு ஒன்று கிடைத்தால், அதன் மெய்க்கீர்த்தி எந்த வெற்றியோடு நிற்கிறது என்று பார்த்து ஆய்வாளர் அதன் காலத்தை ஒருவாறு கணிப்பது இதனால்தான். கங்கை இருந்து கடாரம் இல்லையெனில் இன்ன ஆண்டுகளுக்கு இடைப்பட்டது என்பர். எல்லா ஊரிலும் அது முழுமையாக வெட்டப்படவில்லை என்பதையும் சேர்த்தே நினைக்க வேண்டும். சில கோயில்களில் நீண்ட பாடம். சில கோயில்களில் இரண்டொரு அடைமொழியாகச் சுருங்கிய பாடம். கல்தச்சன் கைப்பிழையால் நேர்ந்த வேறுபாடுகளும் உள. தலைநகரத்து ஓலை அடிமரமென்றால், ஊர்தோறும் நின்ற கோயிற்சுவர்கள் அதன் கிளைகள். ஒரு சுவர்ப் பிழையை வேறு பல சுவர்கள் காட்டிக்கொடுக்கின்றன.

அடிமரத்தில் ஒரு சொல் ஏறுவதற்குச் சோழர் வைத்திருந்த நடைமுறை வியப்புக்குரியது. அரசன் வாய்மொழியாக ஆணையிடுவான். அதனைக் கேட்டு எழுதுபவர் திருமந்திர ஓலை எனப்பட்டார். எழுதியது சரியெனப் பார்த்து ஒப்பமிடுவோர் திருமந்திர ஓலைநாயகம் எனப்பட்டனர். பின்னர் அது வரிப்பொத்தகத்தில் ஏற்றப்படும். புரவுவரித் திணைக்களத்து அதிகாரிகள் பலர் அங்கு உடனிருப்பர். அதன்பின்னரே ஊருக்கு ஓலை செல்லும். செப்பேட்டிலோ கல்லிலோ பொறிக்கப்படும். எழுதியவர் ஒருவர், சரிபார்த்தவர் வேறொருவர், ஏற்றியவர் மற்றொருவர். கூலிம் ஆலையில் ஒருவர் எழுதிய நிரலை மற்றவர் படித்து ஒப்பாமல் அடிமரத்தில் ஏற்ற இயலாது என்று என் மாணவர் பெருமையுடன் சொன்னபோது, நான் வரிப்பொத்தகத்தை எண்ணிப் புன்னகை செய்தேன்.

இந்நடைமுறையும் எப்போதும் ஒப்புறவில்லை. கடாரத்தரசன் பெயரால் நாகப்பட்டினத்தில் எழுந்த சூடாமணி விகாரத்திற்கு இராசராசன் தன் 21ஆம் ஆட்சியாண்டில் ஆனைமங்கலம் என்னும் ஊரைக் கொடுத்தான். அதனைச் செப்பேட்டில் நிலைபெறச் செய்தவன் அவன் மகன். ஒல்லாந்தின் லெய்டன் நகருக்குக் கொண்டு செல்லப்பட்டமையால் லெய்டன் செப்பேடு என்று பெயர்பெற்ற அது, தந்தையின் ஆணையையும் மகனின் பொறிப்பையும் ஒருசேரத் தாங்கி நிற்கிறது. 1905இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடு இன்னும் சிக்கலானது. அதன் தமிழ்ப் பகுதி இராசேந்திரனின் ஆறாம் ஆட்சியாண்டு ஆணையைச் சொல்கிறது. வடமொழிப் பகுதியோ கடார வெற்றியைப் பாடுகிறது. ஆறாம் ஆண்டில் கடாரம் வெல்லப்படவே இல்லை. ஆகவே வடமொழிப் பகுதி பிற்காலத்தில் இயற்றப்பட்டுத் தமிழ்ப் பகுதியோடு ஒரே வளையத்தில் கோக்கப்பட்டது என ஆய்வாளர் முடிவுசெய்தனர். வேறு வேறு காலத்துக் கிளைகள் இரண்டு, ஒரே முத்திரையின் கீழ்! இதைக் கவனியாதவர் கடார வெற்றியின் ஆண்டையே பிழைபடக் கணித்திருப்பர்.

மூலம் எது, படி எது என்று குறித்துவைத்த நேர்மையாளரும் அக்காலத்தில் இருந்தனர். செம்பியன் மாதேவியார் செங்கற் கோயில்களைக் கற்றளிகளாக மாற்றியபோது, பழைய கற்களில் இருந்த சாசனங்களைப் புதுச் சுவரில் மீண்டும் வெட்டச் செய்தார். திருக்கோடிகாவில் அவ்வாறு வெட்டப்பட்டவை பழங்கற்படி என்றே குறிக்கப்பட்டுள்ளன. இது மூலமன்று, மூலத்தின் படி என்னும் அக்குறிப்பைச் சேர்க்க ஆன கூலி சில எழுத்துகளுக்குரியதே. அதனை எழுதாமல் விட்டிருந்தால், பத்தாம் நூற்றாண்டு எழுத்தில் அதற்கு முந்திய காலத்து அரசர் பெயரைக் கண்டு நாம் திகைத்திருப்போம்.

ஓலைச்சுவடிகளின் கதை வேறு. அங்கே அடிமரமே அழிந்துபோயிற்று. கிளைகள் மட்டும் எஞ்சின. உ. வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியையும், 1892இல் சிலப்பதிகாரத்தையும், 1894இல் புறநானூற்றையும் வெளியிட்டபோது, பல ஊர்களிலிருந்து திரட்டிய ஏடுகளை ஒன்றோடொன்று ஒப்பிட்டார். வேறுபாடு கண்ட இடங்களில் ஒன்றைக் கொண்டு மற்றவற்றைப் பாடபேதமாகக் காட்டினார். எதையும் ஒளிக்கவில்லை. அவர் தேர்ந்தது தவறென்று நாம் கருதினால், நாம் வேறொன்றைத் தேரலாம். அதற்குரிய சான்றை அவரே தந்துவிட்டுப் போயிருக்கிறார்.

இனித் தோட்டத்திற்கு வருவோம். நான் சிறுவனாயிருந்த காலத்தில், விடியுமுன் பிரட்டுக் களத்தில் ஆள் கணக்கு எடுப்பர். கங்காணியார் தம் சட்டைப்பையிலிருந்து சிறு குறிப்பேடு ஒன்றை எடுத்துப் பெயருக்கு நேரே கோடிடுவார். மாலையில் அக்கணக்கு அலுவலகம் சென்று, கிராணியாரின் பெரிய செக்ரோலில் ஏறும். சம்பளம் போடுவது செக்ரோலைக் கொண்டே. கங்காணியார் ஏட்டில் உள்ளது செக்ரோலில் இல்லையென்றால் அந்நாள் இல்லாத நாளே.

ஒரு மாதம் என் தாயாருக்கு அரை நாள் குறைந்து வந்தது. பால்வெட்டு முடிந்து அவரைப் புல்வெட்டுக்கு மாற்றிய நாள் அது. ஒரு புத்தகத்தில் முழு நாள், மற்றொன்றில் அரை நாள். கங்காணியார் ஏடு மழையில் நனைந்து அந்தத் தாள் ஒட்டிக்கிடந்தது. "நான் முழு நாளும் நின்றேங்க ஐயா" என்று தாயார் சொல்ல, செக்ரோலில் இருப்பதே கணக்கு என்று பதில் வந்தது. அரை நாட்கூலி இன்று சிறு தொகையாகத் தோன்றலாம். எங்கள் வீட்டில் அதற்கு அரிசியின் பெயர் இருந்தது.

வழக்கைத் தீர்த்தது மூன்றாவது ஒரு புத்தகம். பால் கொட்டும் இடத்தில் ஒவ்வொருவர் கொண்டுவந்த பாலையும் நிறுத்து எழுதும் கணக்கு அது. அன்று என் தாயார் தம் மரங்கள் முழுவதையும் வெட்டிப் பாலெடுத்து வந்ததை அது காட்டியது; அதற்குப் பின் புல்வெட்டில் நின்றதைக் கங்காணியாரே ஒப்பினார். ஆனால் செக்ரோலில் இருந்ததை அடித்துத் திருத்தவில்லை. மூடிய மாதத்தைத் திறக்கக்கூடாது என்பது விதியாம். அடுத்த மாதத்துக் கணக்கில் தனி வரியாக, சென்ற மாதத்து அரை நாள் என்று எழுதினர். அன்று எனக்கு அது சிறுமையாகப் பட்டது. திருத்தினால் என்ன என்று சினந்தேன். இன்று அக்கிராணியார் செய்ததே முறையென உணர்கிறேன். தவறு நேர்ந்ததும், அது சரிசெய்யப்பட்டதும் இரண்டுமே அப்புத்தகத்தில் நின்றன.

கணிப்பொறியாளர் இவ்விடத்துக்கு வந்து சேர முப்பதாண்டுகளுக்கு மேலாயின. 1972இல் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் மார்க் ராச்கைண்டு என்பார் எஸ்.சி.சி.எஸ். என்னும் முறையைத் தொடங்கினார். நிரலின் ஒவ்வொரு மாற்றத்தையும் யார் செய்தார், எப்போது செய்தார் என்னும் குறிப்போடு சேமிக்கும் முறை அது. 1982இல் பர்டியூ பல்கலைக்கழகத்து வால்ட்டர் டிக்கி ஆர்.சி.எஸ். என்பதைத் தந்தார். இவற்றில் ஒருவர் கோப்பை எடுத்துப் பூட்டிக்கொண்டால் மற்றவர் காத்திருக்க வேண்டும். ஆம்ஸ்டர்டாமில் டிக் குரூனே என்னும் பேராசிரியர் இரண்டு மாணவரோடு ஒரே நிரலில் பணியாற்றினார். மூவருக்கும் ஓய்வு நேரம் பொருந்தவில்லை; பூட்டு முறை ஒத்துவரவில்லை. ஆகவே 1986இல், மூவரும் தனித்தனியே திருத்திப் பின் இணைத்துக்கொள்ளும் வழியொன்றை அமைத்தார். அதுவே சி.வி.எஸ். ஆக வளர்ந்தது.

பூட்டை நீக்கியவுடன் இணைப்பே தலையாய சிக்கலாயிற்று. அதற்கு அவர்கள் கைக்கொண்ட வழியில் என் தாயாரின் வழக்கைக் காண்கிறேன். இரண்டு கிளைகளை மட்டும் ஒப்பிட்டால் வேறுபாடு தெரியும். யார் மாற்றினார் என்பது தெரியாது. அவை பிரிந்த இடத்து மூலப்படியைப் பக்கத்தில் வைத்தால் விடை கிடைக்கும். மூலத்திலும் முதற்கிளையிலும் ஒரு வரி ஒன்றாயிருந்து, இரண்டாம் கிளையில் மட்டும் வேறாயிருந்தால், மாற்றியது இரண்டாமவரே, அம்மாற்றத்தை ஏற்கலாம். இரு கிளைகளிலும் அவ்வரி வெவ்வேறாக மாறியிருந்தால் கருவி கைகட்டி நின்றுவிடும்; மனிதரே தீர்க்க வேண்டும். மூன்றாம் படியைத் துணைக்கொள்ளும் இப்பேறு கணிப்பொறிக்கு வாய்த்தது. சாமிநாதையருக்கு வாய்க்கவில்லை.

2005 ஏப்ரலில் லினஸ் டோர்வால்ட்ஸ் கிட் என்னும் கருவியை உருவாக்கினார். லினக்ஸ் நிரலைக் காக்க அதுவரை பயன்பட்ட பிட்கீப்பர் என்னும் கருவியின் இலவச உரிமை திரும்பப் பெறப்பட்டதே அதற்கு உடனடிக் காரணம். கிட் முறையில் பணியாற்றும் ஒவ்வொருவரிடமும் முழு வரலாறும் இருக்கும். ஒவ்வொரு மாற்றத்திற்கும் ஓர் அடையாள எண் உண்டு. அது மாற்றத்தின் உள்ளடக்கத்தையும் அதற்கு முந்திய மாற்றத்தின் எண்ணையும் சேர்த்துக் கணிக்கப்படுவது. பழைய வரியை யாரும் அறியாமல் அடித்தெழுத இயலாது.

கிளையையும் அடிமரத்தையும் ஒப்புறச் செய்வதில் இன்று இரண்டு நெறிகள் வழங்குகின்றன. பிழையை எந்தப் பழைய கிளையில் கண்டோமோ அங்கேயே திருத்தி, அக்கிளையை அதற்குப் புதிய கிளையோடும், அதனை அடிமரத்தோடும் படிப்படியாக மேல்நோக்கி இணைத்துக்கொண்டு போவது ஒரு நெறி. கிட் கருவியை எழுதுவோரே பின்பற்றுவது இது. திருத்தம் தன் அடையாளம் மாறாமல் எல்லா இடமும் சென்று சேர்வதால், எது சேர்ந்தது, எது சேரவில்லை என்று கருவியே சொல்லிவிடும். லினக்ஸ் நிரலின் நிலைப்புக் கிளைகளைப் பேணும் கிரெக் குரோவா-ஹார்ட்மன் முதலியோர் கைக்கொள்வது மற்றொரு நெறி. திருத்தம் முதலில் டோர்வால்ட்சின் அடிமரத்தில் ஏற வேண்டும். அதன்பின்னரே அதன் படி கிளைக்கு வரலாம். அடிமரத்தில் இல்லாத திருத்தம் கிளைக்குத் தகுதியற்றது. ஓலை வரிப்பொத்தகத்தில் ஏறிய பின்னரே ஊருக்குப் போகும் என்ற சோழர் விதியை இது பெரிதும் ஒத்திருக்கிறது.

தோட்டத்தில் வளர்ந்தவர்க்கு ஒட்டு மரத்தைக் காட்டினால் இவ்வேறுபாடு உடனே விளங்கும். நல்ல பால்மரத்தின் மொட்டு ஒன்றை மட்டும் பட்டையோடு அரிந்து நாற்றில் வைத்துக் கட்டுவார்கள். திருத்தம் ஒன்றை மட்டும் பிரித்தெடுத்து வேறு கிளையில் ஒட்டுவதும் அத்தகையதே. மொட்டு பிடித்துக்கொள்ளும், ஆனால் அது வந்த மரத்தைப் பற்றிய செய்தி நாற்றின் வேரில் இருக்காது. ஒட்டிய திருத்தத்திற்குக் கருவி புதிய எண் இடுகிறது. மூலமும் படியும் ஒன்றே என்பதை எண்ணால் அறிய இயலாது. உள்ளடக்கத்தை ஒப்பிட்டுக் கண்டுபிடிக்கும் வழியொன்று உண்டு; சுற்றியுள்ள வரிகள் மாறிவிட்டால் அதுவும் தவறும். என் மாணவர் பணியாற்றும் இடத்தில் கிளையில் திருத்தி, மொட்டரிந்து அடிமரத்தில் ஒட்டுவதே வழக்கமாயிருந்தது. வெளியீட்டு நாளின் நெருக்கடியில் ஒட்ட மறந்ததை எந்தக் கருவியும் அவருக்கு நினைவூட்டவில்லை. பழங்கற்படி என்று ஒரு குறிப்பு எழுதும் வழக்கமும் அங்கே இல்லை.

நம் எழுத்துக்கே இப்பாடு நேர்ந்ததை இளைய ஆசிரியர்கள் அறியமாட்டார்கள். பெரியார் 1935இல் குடி அரசு இதழில் வழக்கிற்குக் கொண்டுவந்த சீர்திருத்த வடிவங்களைத் தமிழக அரசு 1978 அக்டோபரில் ஏற்றது. ணா, றா, னா, ணை, லை, ளை, னை முதலாகப் பதின்மூன்று எழுத்துகளின் வடிவம் மாறியது. மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் அவை 1980களில் பரவின. இடைக்காலத்தில் தமிழகத்து இதழில் ஒரு 'லை', நம் பாடநூலில் துதிக்கை போட்ட மற்றொரு 'லை'. நான் இரண்டு வடிவத்திற்கும் மதிப்பெண் அளித்தேன். அடுத்த வகுப்பு ஆசிரியர் அளிக்கவில்லை. ஒரே பிள்ளை ஒரே சொல்லுக்கு ஓராண்டு சரியும் மறு ஆண்டு தவறும் பெற்றாள். பின்னர்க் கணிப்பொறியில் தமிழ் வந்தபோது ஒவ்வொரு நிறுவனமும் ஒவ்வொரு குறியீட்டில் எழுத்துருவைச் செய்தது. ஒன்றில் தட்டிய கட்டுரை மற்றொன்றில் புரியாக் கிறுக்கலாகத் தெரிந்தது. 1997இல் சிங்கப்பூரிலும், 1999இல் சென்னையிலும், 2001இல் கோலாலம்பூரிலும் கூடிய தமிழ் இணைய மாநாடுகளில் அறிஞர் அமர்ந்து பேசியதன் பெரும்பகுதி இக்கிளைகளை எவ்வாறு ஒன்றாக்குவது என்பதே. யூனிகோடு பரவலாக நிலைபெற்ற பின்னரே அத்தொல்லை தணிந்தது. பழைய குறியீடுகளில் தட்டிய நம் சங்கத்து மலர்கள் எத்தனை இன்னும் மாற்றப்படாமல் கிடக்கின்றனவோ!

தைப்பொங்கலுக்கு அந்த மாணவர் மீண்டும் வந்தார். அவர் குழுவில் இப்போது ஒரு வழக்கம் ஏற்பட்டிருக்கிறதாம். கிளையில் ஒட்டும் ஒவ்வொரு திருத்தத்தின் கீழும், அடிமரத்தில் அதன் மூல எண் இன்னது என்று ஒரு வரி எழுத வேண்டும். எண் இல்லாததை யாரும் ஒப்புவதில்லை. சென்ற வெளியீட்டுக்கு முன்னாளிரவு கிளையிலுள்ள திருத்தங்களையும் அடிமரத்தையும் ஒவ்வொன்றாக ஒத்துப் பார்த்தபோது, அவ்வழக்கம் வருமுன் செய்யப்பட்ட மூன்று திருத்தங்கள் அடிமரத்தில் இல்லையெனக் கண்டார்கள். மூன்றையும் சேர்த்து முடிக்க நள்ளிரவு கடந்துவிட்டது. மூன்றில் ஒன்று, வாரக் கடைசியில் மிகைநேரம் வேலை செய்தவரின் மணிக்கணக்கைக் குறைத்துக் காட்டிய பிழை என்றார்.